கொக்கி இல்லாத வீட்டுக்கு ஒரு தூளி

ஏப்ரல் 14, செவ்வாய்

என் வீட்டுக்காரர் எர்மிலோவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று நாள் ஆகிறது. மூன்று நாளும் அவர் படுக்கவில்லை. மல்லாந்தால் மூச்சு முட்டுகிறது, ஒருக்களித்தால் இருமல். இதயம் வீங்கியிருக்கிறது, முதுகும் தலையும் உயர்ந்தே இருக்க வேண்டும், தூக்கம் இல்லாமல் மருந்து மட்டும் என்ன செய்யும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

கடையிலிருந்து 'ராஜா' மெத்தையை இறக்கினேன். முப்பத்திரண்டு சென்டிமீட்டர் கனம், என்னிடம் இருப்பதிலேயே ஒசத்தி. ஐந்து தலையணை அடுக்கினேன். கால் மணி நேரத்தில் சரிந்து கீழே வந்துவிடுகிறார். தூக்கி வைத்தால் மறுபடியும் சரிவு. கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, தலை தொங்கியதும் திடுக்கிட்டு விழித்தார். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது.

"நெய்டி, வலைத் தூளி ஒண்ணு கட்டு. கொல்லையில, ஹுவாயா மரத்தடியில."

"ஊர்ல பாதிப் பேருக்கு மெத்தை வித்தவ வீட்டுக் கொல்லையில தூளியா? நாளைக்கே கடைக்குப் பூட்டுப் போட வேண்டியதுதான்."

"கடை நல்லாத் தூங்குது. நான்தான் தூங்கல."

எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் தலையணையைச் சுவரில் எறிந்தேன். நோயாளியிடம் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று தெரியும். தெரிந்து என்ன?

ஏப்ரல் 15

இன்றும் தூங்கவில்லை. நானும்தான்.

ஏப்ரல் 16, வியாழன்

கொல்லையில் என்றால் கொல்லையில். வெளியார் கண்ணுக்குத் தெரியாது, மதில் உயரம். முடிவு செய்தேன். முடிவு செய்தபின் நான் தள்ளிப்போடுகிறவள் இல்லை.

ஒரு முனைக்கு மரம் இருக்கிறது. இன்னொரு முனைக்கு மெத்தைக் கிடங்கின் சுவர். அதில் கொக்கி அடிக்கக் கொத்தனார் கஸ்பாரை வரச் சொன்னேன். வந்தவன் முதலில் வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தான். கட்டியவனே அவன்தான்.

"ஆறு ரூம். ஒரு கொக்கி இல்ல. இந்த ஊர்ல கோழிக்கூண்டுலகூட ரெண்டு கொக்கி இருக்கும்மா."

"துளை போட வந்தியா, துப்பறிய வந்தியா?"

"அன்னிக்கே சொன்னேன், சுவர் ஈரமா இருக்கும்போதே வச்சிருவோம்னு. 'என் வீட்டுல எவனும் வலையில தொங்கப்போறதில்ல'ன்னீங்க. இப்ப சிமென்ட் இரும்பா இருக்கு. கூலி ஒண்ணரை மடங்கு."

கொடுத்தேன். என் வாயால் நானே கட்டிய அபராதம்.

ஏப்ரல் 18, சனி

மார்க்கெட்டுக்கு முகத்தில் துணி சுற்றிக்கொண்டு போனேன். பயனில்லை, என் நடையே காட்டிக்கொடுத்துவிடும் போல.

தூளி பார்ப்பது எனக்குப் புதிதில்லை. பதினெட்டு வயதிலிருந்து தோளில் பதினைந்து தூளி சுமந்து மெரிடா நகரச் சதுக்கத்தில் வெள்ளைக்காரர்களிடம் விற்றவள் நான். அந்தக் காசில்தான் முதல் மெத்தை வாங்கினேன். தூளியில் ஏமாற்றுவது எளிது. பின்னல் பகுதியைக் குட்டையாக்கி, இரண்டு முனையிலும் இருக்கும் தொங்கு நூலை நீளமாக்கிவிட்டால் போதும். விரித்துக் காட்டினால் நாலு மீட்டர் தெரியும். படுத்தால் இடுப்புக்குக் கீழே வெறும் நூல்.

மூலைக்கடைக்காரன் அதைத்தான் எனக்கே விரித்துக் காட்டினான். "பாருங்கம்மா, ரெண்டு பேர் படுக்கலாம், நாலு மீட்டர்."

"பின்னலை மட்டும் அள. நூலை அளக்காதே."

அவன் சிரித்தான். "கண்டுபிடிச்சிட்டீங்க."

"இந்த வித்தையை இந்த மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்ததே நான்தான்டா."

"தெரியும்மா. உங்ககிட்ட இருந்துதானே எங்கப்பா கத்துக்கிட்டாரு. உங்க மேலயே ஒருதரம் போட்டுப் பாத்தேன்."

சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவன் முகத்தில் அறைந்தாற்போல் அடுத்த கடையில் வாங்கினேன். நைலான் ஒன்று, பருத்தி ஒன்று. "மெத்தைக்காரம்மா தூளி வாங்குறாங்க" என்று யாரோ முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கை நீண்டிருக்கும்.

ஏப்ரல் 20, திங்கள்

இரண்டும் உதவவில்லை.

நைலானில் வழுக்கிக்கொண்டு நடுவுக்குப் போய் விழுகிறார், முதுகெல்லாம் வேர்வை. பருத்தியில் அகலம் போதவில்லை. தூளியில் குறுக்கே படுக்க வேண்டும், அப்போதுதான் முதுகு நிமிரும். இதில் நீளவாக்கில்தான் கிடக்க முடிகிறது. வாழைப்பழம் போல் வளைந்து, தாடை நெஞ்சில் இடித்து, மறுபடி மூச்சுமுட்டல்.

எங்கள் ஊரில் திங்கள் என்றால் பயறும் பன்றிக்கறியும்தான், செய்து வைத்தேன். இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னார்:

"லாண்டி பின்னினது வேணும்."

"அவ பேரை இந்த வீட்டுல சொல்லாதீங்க."

"பன்னண்டு வருஷமாச் சொல்லல. இப்ப மூச்சு விடவே முடியல, சொல்லாம எப்படி இருக்க?"

ஏப்ரல் 21

லாண்டி என் அக்கா. மூன்று தெரு தள்ளி இருக்கிறாள். அவள் பின்ன, நான் விற்க, பதினைந்து வருஷம் ஒரே சட்டியில் சாப்பிட்டோம். அவள் பின்னியதை மெரிடாவில் பெயர் சொல்லிக் கேட்பார்கள். இப்போதும் கேட்கிறார்கள், ஏழு பெண்களை வேலைக்கு வைத்திருக்கிறாள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நான் மெத்தைக் கடை போட்டேன். மைக் வண்டி விட்டேன். என் வாசகம், நானே யோசித்தது: 'வலையில் கிடப்பது மீன். மெத்தையில் கிடப்பவன் மனிதன்.' இன்று வரை வண்டி அதைத்தான் சொல்லிக்கொண்டு போகிறது. அன்றிலிருந்து லாண்டி என்னிடம் பேசவில்லை. தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். ஒரு வாசகத்துக்கா இவ்வளவு வீம்பு? வியாபாரத்தில் ஆயிரம் சொல்வோம். அவள் வயிற்றிலா அடித்தேன்? அவள் சரக்கு குறைந்ததா?

போகட்டும். நான் அவள் வாசலுக்குப் போகப் போவதில்லை. என் தலை அவ்வளவு மலிவில்லை.

ஏப்ரல் 23, வியாழன்

வில்பெர்த்தை அனுப்பினேன். மைக் வண்டி ஓட்டுகிறவன். நாற்பது வயது, மூன்று பிள்ளைக்கு அப்பன், பொய் சொல்லத் தெரியாத முகம். வேறு ஆள் இல்லை.

"உன் மச்சானுக்குன்னு சொல்லு. பெரிய அளவு, பருத்தி, ரெட்டை நூல். பணம் எவ்வளவு கேட்டாலும் கொடு."

"உங்க அக்காவுக்கு என்னைத் தெரியுமேம்மா. தினம் அவங்க தெரு வழியாத்தானே மீன் வாசகத்தைக் கூவிட்டுப் போறேன்."

"தொப்பி போட்டுக்கோ."

ஏப்ரல் 24

வில்பெர்த் ஒரு பொட்டலத்தோடு வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிரித்தேன். முழ நீளத்தில் ஒரு தூளி. பொம்மைக்குக் கட்டுவது மாதிரி. ஆனால் பின்னல் என்ன பின்னல், கரை என்ன கரை, கண் வைத்தால் எடுக்க முடியாது. அதற்குள்ளே ஒரு உப்புக் கருவாடு குறுக்கே படுத்திருந்தது.

"என்ன சொன்னா?"

"வேண்டாம்மா."

"சொல்லு."

"'உங்க முதலாளியம்மா சொன்ன அளவுக்குத்தான் பின்னியிருக்கேன்'னாங்க. பணம் வாங்கல. தொப்பி நல்லா இருக்குன்னாங்க."

கருவாட்டைப் பூனைக்குப் போட்டேன். எர்மிலோ நாற்காலியில் இருந்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், உதடு நீலமாகிவிட்டது. ஆக்சிஜன் வைத்தபிறகுதான் மூச்சு வந்தது. அவள் மேல் இருந்த கோபம் முழுக்க அவர் மேல் திரும்பியது எனக்கு. சிரிக்க வேண்டிய நேரமா இது?

ஏப்ரல் 27, திங்கள்

மத்தியானம் நாற்காலியில் தூங்கிவிட்டிருக்கிறார். அப்படியே முன்னால் விழுந்து நெற்றி பிளந்துவிட்டது. ஐந்து தையல். கட்டுப் போட்ட டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இப்படியே இன்னும் ஒரு மாசம் தூங்காம இருந்தா இதயம் தாங்காது. நீங்க மெத்தை விக்கிறவங்க, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. எனக்கு விற்கத்தான் தெரியும்.

ஏப்ரல் 28, செவ்வாய்

போனேன்.

லாண்டி முற்றத்தில், தூளி பின்னும் சட்டத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஊசி போய் வந்துகொண்டிருந்தது. நிறுத்தவில்லை. முடி முழுக்க வெளுத்திருக்கிறது. மற்றப் பெண்கள் என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"யாரு? ஓ, மெத்தையா. வழி தப்பி வந்துட்டீங்களா?"

"அவருக்கு உடம்பு சரியில்ல."

"ஊருக்கே தெரியும். உனக்குத்தான் லேட்டாத் தெரிஞ்சிருக்கு."

"மீன் அனுப்பினியே, அதோட கணக்குத் தீர்ந்துச்சுன்னு வை. அந்த வாசகத்துக்கு மன்னிப்புக் கேட்கணும்னா கேட்டுட்டுப் போறேன். மைக் வண்டியில வேணும்னாலும் சொல்றேன். எத்தனை தெருவுன்னு சொல்லு."

ஊசி நின்றது. சிரித்தாள். பற்களெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"மீனா? அடியே, அதைக் கேட்டு முதல்ல சிரிச்சவளே நான்தான். 'பாத்தீங்களா எந்தங்கச்சி வாயை'ன்னு தெருப்பூரா சொல்லிட்டு வந்தேன். ஒரு மாசம் கழிச்சு உன் லாரி எதிர்வீட்டுக் கல்யாணத்துக்கு மெத்தை இறக்க வந்துச்சு. என் வாசல்லதான் நின்னுச்சு. மெத்தையை எதால கட்டியிருந்தே?"

"கயிறால."

"என்ன கயிறு?"

நான் சட்டத்து நூலைப் பார்க்க, அவளே சொன்னாள்:

"பச்சைக் கரை, நடுவுல ஒத்த மஞ்சள் நூல். உன் கல்யாணத்துக்குப் பின்னினது. ரெண்டு மாசம். விரல்ல ரத்தம் கட்டி, இடக்கையால சோறு தின்னேன். அதை வெட்டி முறுக்கி, பன்னியைக் கட்டுற மாதிரி முடிச்சுப் போட்டிருந்தே."

பெண்களில் ஒருத்தி கீழே பார்த்தாள்.

"போ நெய்டி. எர்மிலோவுக்குச் சாவு வந்தா சொல்லி அனுப்பு. வந்து நிக்கிறேன். மத்தபடி வாசல்ல நிக்காதே, வெளிச்சத்தை மறைக்கிறே."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. ஒரு வாசகத்துக்காக என்று பன்னிரண்டு வருஷம் அவளைத் திட்டியிருக்கிறேன். தப்பான காரணத்துக்குத் திட்டியிருக்கிறேன்.

அதற்காக அவள் பேசியது சரியாகிவிடுமா? சாவு வந்தா சொல்லி அனுப்பு என்கிறாள். நாக்கா அது?

ஏப்ரல் 29

எழுதித் தீர்க்க வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

கடை திறந்த அன்று ஒரு சலுகை வைத்தேன். பழைய தூளி கொண்டுவந்து கொடுத்தால் மெத்தையில் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி. யாரும் முதலில் முன்வரவில்லை. கூட்டம் தயங்கியது. அப்போது நான் உள்ளே போய், எங்கள் கல்யாணத் தூளியை எடுத்துவந்து, எல்லோரும் பார்க்கக் குவியலில் போட்டேன். பிறகு வரிசை நின்றது. முந்நூற்றுச் சொச்சம் தூளி சேர்ந்தது. வீணாக்குவானேன் என்று வெட்டிக் கயிறாக முறுக்கச் சொன்னேன். கயிறு வாங்கும் செலவு மிச்சம் என்று பெருமையாக எல்லோரிடமும் சொன்னேன். நல்ல பருத்தி, அறவே அறாது. அறாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. யார் பின்னியது என்பதும் தெரிந்திருந்தது.

 எர்மிலோ அன்று கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

இன்று கிடங்குக்குள் போனேன். அந்தக் கயிறு இன்னும் இருக்கிறது. மேல் அடுக்கில் பச்சையும் மஞ்சளும் தெரிந்தது, அழுக்கேறி. எதைக் கட்டியிருக்கிறது என்று பார்த்தேன். 'ராஜா'வை.

ஏப்ரல் 30, வியாழன்

வேலையாட்களை வெளியே அனுப்பிவிட்டு நானே அவிழ்த்தேன். பன்னிரண்டு வருஷ முடிச்சு. நகம் இரண்டு பெயர்ந்தது. பச்சைக் கரைத் துண்டுகள் நாலுதான் கிடைத்தன. மற்றது எங்கெங்கோ லாரியோடு போய்விட்டது.

எடுத்துக்கொண்டு போய் அவள் சட்டத்தின் காலடியில் வைத்தேன். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சண்டைதான் வரும் என்று தெரியும்.

அவள் காலால் ஒரு துண்டைப் புரட்டினாள். என் விரல்களைப் பார்த்தாள். 

"கடைக்குப் பின்னுறதுன்னா அளவு வேண்டாம். ஆளுக்குப் பின்னணும்னா ஆளைப் பாக்கணும். சனிக்கிழமை வர்றேன். உன் முன்வாசல் வழியா வரமாட்டேன்."

"விலை?"

"பின்னி முடிச்சுச் சொல்றேன்."

விலை பேசாமல் நான் இதுவரை ஒரு ஆணிகூட வாங்கியதில்லை.  தலையாட்டினேன்.

மே 2, சனி

கொல்லைக் கதவு வழியாக வந்தாள். என்னை ஒரு தூணைத் தாண்டுவது போல் தாண்டிப் போனாள்.

"என்ன மாப்ளே, நெத்தியில? மெத்தை கடிச்சிருச்சா?"

"நாற்காலி கடிச்சிருச்சு லாண்டி."

"கையை நீட்டு."

இரண்டு கையையும் விரிக்கச் சொல்லி நூலால் அளந்தாள். தோளை அழுத்திப் பார்த்தாள். அவர் மூச்சு விடுவதைக் கண்ணை மூடிக் கேட்டாள். "கரையை இறுக்கிப் போட்டா குழி ஆழமா விழும். குறுக்கே சாய்ஞ்சு படு, உக்காந்த மாதிரியும் இருக்கும், படுத்த மாதிரியும் இருக்கும். சரியாது."

பிறகு கிடங்குச் சுவரில் இருந்த கொக்கியைப் பார்த்து, என்னிடம் இல்லை, சுவரிடம் சொன்னாள்: "ஒரு சாண் கீழே அடிச்சிருக்கா. சாகடிக்கத்தான் அடிச்சிருப்பா."

காபி கொண்டுவந்தேன். பார்க்காமல் போய்விட்டாள். கஸ்பாரை மறுபடி கூப்பிட வேண்டும். மறுபடி ஒன்றரை மடங்கு.

மே 9

அவருக்கு எடை இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. அவள் வேறு ஆர்டர்களை நிறுத்திவிட்டு இதையே பின்னுவதாக வில்பெர்த் சொல்கிறான். வேறு யாரையும் தொடவிடுவதில்லையாம். சீக்கிரம் முடியேன்டி.

மே 17, ஞாயிறு

வெயில் கொல்கிறது. இன்று கொச்சினிட்டா, அதாவது சுட்ட பன்றிக்கறி, வாங்கி வந்தேன், அவருக்குப் பிடிக்கும். முகர்ந்து பார்த்தார். சாப்பிடவில்லை. "மீனு வேணும்" என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. அடிக்கக் கை ஓங்கினேன். பிறகு நானும் சிரித்துவிட்டேன்.

மே 30, சனி

வந்தது. லாண்டி தானே கட்டினாள். மரத்துப் பக்கம் ஒரு முடிச்சு, மெத்தைக் கிடங்குப் பக்கம் ஒரு முடிச்சு. வெள்ளைப் பருத்தி, எந்தக் கரை நிறமும் இல்லை. பச்சையை எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன்.

எர்மிலோ குறுக்கே சாய்ந்தார். வலை அவரைச் சுற்றி மூடிக்கொண்டது. முதுகு நிமிர்ந்தே இருந்தது. தாடை நெஞ்சில் படவில்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், அப்படியே தூங்கிப்போனார்.

காலை பத்து மணி. அடுத்த தெருவில் வில்பெர்த் மீன் கூவிக்கொண்டு போனான். ஓடிப்போய் நிறுத்தச் சொன்னேன். திரும்பி வந்தபோது லாண்டி மரத்தடியில் நின்று அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்து மணி நேரம் தூங்கினார். ஐந்து மணி நேரமும் நாங்கள் இருவரும் நின்றோம், ஒருவரை ஒருவர் பார்க்காமல்.

ஜூன் 1, திங்கள்

பயறும் பன்றிக்கறியும் இரண்டு தட்டு சாப்பிட்டார்.

லாண்டி விலை பேச வந்தாள், கொல்லைக் கதவு வழியாகத்தான். நான் கவரில் ஒரு தூளி விலையைப் போல் மூன்று மடங்கு வைத்திருந்தேன். எண்ணிப் பார்த்து, தன் விலைக்கு மேல் இருந்ததை எடுத்து என் காலடியில் போட்டாள். "என்னை விலைக்கு வாங்கப் பாக்காதே. பன்னண்டு வருஷத்துக்கு வட்டி கட்ட உன்கிட்ட பணம் பத்தாது."

பிறகு சொன்னாள், நான் ஒப்புக்கொண்டேன். மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன்.

தூளிக்கு மூவாயிரத்து இருநூறு பெசோ, தெருவில் போகிறவனுக்கு என்ன விலையோ அதே. கிடங்கில் மிச்சமுள்ள தூளிக் கயிறு எல்லாம், யார் பின்னியதாக இருந்தாலும், என் கையாலேயே அவிழ்த்து அவளிடம் சேர்க்க வேண்டும். அதை அவள் என்ன செய்வாள் என்று நான் கேட்கக் கூடாது. வாசகம் இருக்கலாம், அது நல்ல வாசகம்தான். ஆனால் வண்டி இந்தக் கொல்லைப் பக்கம் வரக் கூடாது, மனிதன் தூங்குகிறான். மாதம் ஒரு சனிக்கிழமை அவள் வந்து முடிச்சைப் பார்ப்பாள். பேச்சு கிடையாது. காபி வேண்டாம் என்றாள், பேரம் பேசினேன், நின்றபடி ஒரு கோப்பை என்று முடிந்தது.

கடைசியாக, மழை வருவதற்குள் வீட்டுக்குள் கொக்கி. மழையில் அவரை எங்கே தொங்கவிடுவாய் என்றாள். அவர் அறைக்கு மட்டும் போதுமே என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. அறைக்கு இரண்டு, ஆறு அறைக்குப் பன்னிரண்டு. என் அறைக்கும் சேர்த்துத்தான்.